பி.காம் முடித்து எட்டு மாதம்: பி.எஸ்.சி கோச்சிங்கா, கோயம்புத்தூர் பஸ்ஸா?

எல்லைப்பையன்: ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளப் பகுதி, பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கம். பன்னிரண்டு வரை தமிழ் மீடியம். பி.காம் முடித்து எட்டு மாதம் ஆகிறது. அப்பா கேரள பி.எஸ்.சி (அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் தேர்வாணையம்) கோச்சிங்கில் சேரச் சொல்கிறார். கோயம்புத்தூரில் ஒரு கன்சல்டன்சிக்காரர் எட்டாயிரம் கட்டினால் அக்கவுண்ட்ஸ் வேலை நிச்சயம் என்கிறார். அறுபது இடத்துக்கு ரெஸ்யூம் அனுப்பினேன். வந்தது ஒரே ஒரு போன், அதுவும் இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஆகிறீர்களா என்று. என்ன செய்யட்டும்?

வேலந்தாவளத்தான்: தம்பி, கோச்சிங்கை மற. காலையில் பஸ் ஏறு. பில்லிங்கோ, குடோன் கணக்கோ, கிடைத்ததில் உட்கார். என்னோடு படித்த நாலு பேர் பி.எஸ்.சி, பி.எஸ்.சி என்றே இருந்தார்கள். பொதுப்பிரிவுக்கே 36 வயது வரை எழுதலாம் என்கிறார்களே, அதுதான் அதில் பெரிய ஆபத்து. 'இன்னும் காலம் இருக்கு' என்றே தலை நரைத்துவிடும். கோயம்புத்தூரில் போய் 'பி.எஸ்.சி படிக்கிறேன்' என்றால் எந்தக் காலேஜ் என்று கேட்பார்கள். அவ்வளவுதான் அங்கே அதற்கு மதிப்பு.

சித்தூர் டீச்சர்: கேலி செய்வது சுலபம். பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களுக்கு 'தமிழும் மலையாளமும் தெரிந்த' கிளார்க் என்று தனி அறிவிப்பே வருகிறது. தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு ஆசிரியர் பணியும் தனியாக வரும். நம் பிள்ளைகளே எழுதாவிட்டால் அந்த இடமெல்லாம் யாருக்கு? தமிழ் மீடியம் என்று கூச்சப்படுகிற பையனுக்கு அந்தத் தமிழே தகுதியாக இருக்கிற இடம் இது.

வேலந்தாவளத்தான்: எத்தனை இடம் வரும் டீச்சர்? ரேங்க் லிஸ்ட்டில் பேர் வந்தால் மட்டும் போதுமா? அதற்கு ஆயுசு அதிகபட்சம் மூன்று வருஷம். அதற்குள் நம் நம்பர் வரவில்லை என்றால் மறுபடி அ, ஆ-விலிருந்து.

சித்தூர் டீச்சர்: வேலைக்குப் போகாமல் படி என்று நான் எங்கே சொன்னேன்? நான் துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டே படித்தவள். பி.எஸ்.சியின் 'துளசி' தளத்தில் ஒருமுறை பதிந்து வைத்தால் போதும், விண்ணப்பக் கட்டணமும் கிடையாது. ஒன்றில் மட்டும் கவனமாக இரு தம்பி: 'தேர்வு எழுதுவேன்' என்று குறித்த தேதிக்குள் அதிலேயே உறுதி கொடுக்க வேண்டும். மறந்தால் விண்ணப்பம் தள்ளுபடி. என் தோழி ஒருத்தி அப்படித்தான் ஒரு தேர்வைத் தொலைத்தாள்.

வேலந்தாவளத்தான்: அப்படியென்றால் தமிழ்நாட்டுத் தேர்வையும் எழுதலாமே?

சித்தூர் டீச்சர்: எழுதலாம். ஆனால் நம் ஊர்க்காரருக்கு அங்கே சாதி ஒதுக்கீடு கிடையாது, பொதுப்பிரிவில்தான் மோத வேண்டும்.

பீளமேடு ஹெச்ஆர்: முதலில் அந்த எட்டாயிரம். கட்டாதே தம்பி. ஆள் எடுக்கிற கம்பெனிதான் கன்சல்டன்சிக்குக் காசு கொடுக்கும், வேலை தேடுகிற பையன் அல்ல. ஏற்கெனவே அனுப்பித் தொலைத்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு போன் போடு.

அப்புறம் ரெஸ்யூம். தனியாகக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். ஃபைல் பெயர் 'புது ரெஸ்யூம் ஃபைனல் 2'. திறந்ததும் 'சவால் நிறைந்த பணிச்சூழலை நாடுகிறேன்' என்று நாலு வரி. யாரும் படிக்க மாட்டோம். டேலி என்ற கணக்கு மென்பொருள் தெரியும் என்பது இரண்டாம் பக்கத்தில் ஒளிந்திருக்கிறது. கடைசியில் தெரிந்த மொழிகள்: தமிழ், ஆங்கிலம். மலையாளம் எங்கே? கோயம்புத்தூர் பம்ப்செட்டும் கிரைண்டரும் துணியும் கேரளாவுக்குத்தானே போகின்றன! திருச்சூர் பார்ட்டியிடம் மலையாளத்தில் பேசிப் பாக்கியை வசூலிக்க ஆள் கிடைக்காமல் நாங்கள் திண்டாடுகிறோம். நீ அதை மறைத்து வைத்திருக்கிறாய்.

நேர்முகத்தில் நான் ஒரு கேள்வி கேட்பேன்: சரக்கு வாளையார் எல்லை தாண்டிக் கேரளாவுக்குப் போனால் பில்லில் என்ன வரி? ஐஜிஎஸ்டி, மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி. உள்ளூரிலேயே விற்றால் சிஜிஎஸ்டியும் (மத்திய அரசுப் பங்கு) எஸ்ஜிஎஸ்டியும் (மாநிலப் பங்கு). எல்லை தாண்டும் சரக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் என்றால் ஈ-வே பில், அதாவது ஆன்லைனில் எடுக்கும் சரக்குச் சீட்டு. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை அந்த செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசைகட்டி நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளே இதற்கு முழிக்கிறார்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவருக்கு விற்பனை விவரப் படிவம் ஜிஎஸ்டிஆர்-1 11ஆம் தேதி, வரி கட்டும் படிவம் 3பி 20ஆம் தேதி. இந்த இரண்டு தேதியையும் யோசிக்காமல் சொல்கிற பையனை நான் சும்மா அனுப்பியதில்லை.

கஞ்சிக்கோடு ஷிப்ட்: அப்ரண்டிஸை (உதவித்தொகையோடு வேலை பழகுவது) யாரும் சொல்லவில்லையே. 30 பேரோ அதற்கு மேலோ இருக்கிற நிறுவனம் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுத்தாக வேண்டும் என்பது 2019 விதி. பட்டதாரிக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 என்று அப்போது வைத்தார்கள். மத்திய அரசின் அப்ரண்டிஸ் தளமான 'நேட்ஸ்'-இல் பதிய வேண்டும், பி.காம் ஆட்களையும் எடுக்கிறார்கள். நான் ஸ்டோர்ஸில் ஒரு வருஷம் இருந்தேன். வந்த போல்ட் பெட்டியை எண்ணி, பின் கார்டு என்ற இருப்பு அட்டையில் ஏற்றி, ஜிஆர்என் என்ற சரக்கு வரவுச் சீட்டு போடுவது அங்கே கற்றதுதான். இப்போதும் அதை வைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

வேலந்தாவளத்தான்: வருஷம் முடிந்ததும் அங்கேயே நிரந்தரம் ஆக்கினார்களா?

கஞ்சிக்கோடு ஷிப்ட்: இல்லை. அப்படிக் கட்டாயமும் இல்லை, பி.எஃப்பும் இல்லை. ஒளிக்கவில்லை. ஆனால் அடுத்த கம்பெனியில் 'அனுபவம்' என்ற கட்டத்தில் எழுத ஒரு வரி இருந்தது. 2024 ஆகஸ்டில் பாலக்காடு தொழில் நகரத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததிலிருந்து எங்கள் ஊர்ப் பையன்கள் 'இனி வேலை வாசலுக்கே வரும்' என்று டீக்கடையில் காத்திருக்கிறார்கள். அதைவிட இது மேல்.

எல்லைப்பையன்: பணம் கட்டவில்லைங்க. ரெஸ்யூமை ஒரே பக்கமாக்கி, டேலியை மேலே ஏற்றிவிட்டேன். ஒரு சந்தேகம் அக்கா: மலையாளம் சரளமாகப் பேசுவேன், எழுதத்தான் வராது. போடலாமா?

பீளமேடு ஹெச்ஆர்: 'பேச மட்டும்' என்று உள்ளதை உள்ளபடி போடு. பாக்கிக்காரர் போனில் எழுதிக் காட்டவா சொல்லப் போகிறார்?

சித்தூர் டீச்சர்: எழுதவும் கற்றுக்கொள்ளப்பா. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா, ஒரு மணி நேரம் சொல்லித் தருகிறேன். போன வருஷத்து வினாத்தாளும் எடுத்து வைக்கிறேன்.

வேலந்தாவளத்தான்: பார்த்தீர்களா, கோச்சிங் ஆரம்பித்துவிட்டது.