1801 செப்பு சென்ட்: பின்னம் 1/000, விளிம்பில் கடித்த மாதிரி ஒரு வெட்டு

லான்காஸ்டர்வாசி:
எல்லோருக்கும் வணக்கம். பென்சில்வேனியாவில் இருக்கிறேன். போன சனிக்கிழமை ஒரு பண்ணை வீட்டில் பழைய சாமான் விற்றார்கள். பொத்தான் டப்பா ஒன்றை 15 டாலருக்கு வாங்கினேன். அடியில் கறுத்துப்போன பெரிய செப்புக்காசு ஒன்று கிடந்தது. 1801ம் வருடத்து ஒரு சென்ட்.

பூப்பக்கத்தில் மாலைக்குக் கீழே 1/100 என்று இருக்க வேண்டிய இடத்தில் 1/000 என்று இருக்கிறது. லென்ஸ் வைத்து மூன்று முறை பார்த்துவிட்டேன், பூஜ்யம்தான். தவிர, கடிகாரத்தில் 4 மணி இருக்கும் இடத்தில் பிறை வடிவில் விளிம்பு காணோம். எடை 10.1 கிராம். இரண்டுமே அச்சுப்பிழையா, இல்லை யாராவது வெட்டிவிட்டார்களா? புளி போட்டு விளக்கினால் எழுத்து தெளிவாகும் என்கிறாள் மனைவி. செய்யலாமா?

செம்புக்காசு:
முதலில் அந்தப் புளியைச் சமையலறைக்கே திருப்பி அனுப்புங்கள். உங்கள் காசு 220 வருடத்துக்கு மேல் தேடி வைத்திருக்கும் கறுப்பு அது. ஒரு நிமிடத்தில் போய்விடும், பிறகு யார் நினைத்தாலும் திரும்ப வராது. இருபது வருடமாக இந்தச் செப்புக்காசுகளோடுதான் வாழ்கிறேன். ஆரம்பத்தில் நானே 1798 சென்ட் ஒன்றைத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். இன்றும் அது இளஞ்சிவப்பாக, தோலுரித்த மாதிரி இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும்.

இப்போது பின்னத்துக்கு வருவோம். அது அச்சிலேயே நடந்த பிழை. அன்றைக்கு பிலடெல்பியா நாணயச்சாலையில் சுதந்திரத் தேவியின் தலை பொது முத்திரையிலிருந்து அச்சுக்கு வரும். எழுத்தையும் எண்ணையும் தனித்தனி உளியால், கண்ணாடி பிம்பமாக, கையால் ஒவ்வொன்றாக இறக்குவார்கள். 1க்கான உளிக்குப் பதில் கைக்கு 0 வந்தால் அவ்வளவுதான், அந்த அச்சிலிருந்து விழும் ஒவ்வொரு காசும் 1/000. அதனால் உங்களுடையது ஒற்றை அல்ல, அதற்கு அண்ணன் தம்பிகள் நிறைய உண்டு. 1802லும் இதே பிழை வந்தது. 1803ல் அதே தவறைச் செய்து, மேலேயே 1ஐ அடித்துத் திருத்திய அச்சும் இருக்கிறது. அதில் பழைய பூஜ்யம் அடியில் எட்டிப் பார்க்கும்.

ஆனால் 1801ல் இன்னொரு அச்சு உண்டு. அதற்காகத்தான் உங்களை மறுபடி லென்ஸைக் கையில் எடுக்கச் சொல்கிறேன். 'யுனைட்டெட்' என்ற சொல்லின் முதல் எழுத்து, 'யூ', எப்படி இருக்கிறது? அதைத் தலைகீழாக இறக்கிவிட்டு, மேலேயே நேராக ஒருமுறை இறக்கியதால் ரோமன் எண் இரண்டு மாதிரி இரட்டைக் கோடாகத் தெரியும். மாலையின் முடிச்சுக்குக் கீழே இரண்டு காம்பு இருக்க வேண்டும். அந்த அச்சில் ஒன்றுதான். ரிப்பன் நுனியைக் காம்பு என்று எண்ணிவிடாதீர்கள், காம்பு மெல்லியது. 1/000ம் சேர்ந்தால் ஒரே அச்சில் மூன்று பிழை! பழைய சென்ட் வகைகளை எண்ணிட்டுத் தொகுத்த ஷெல்டன் பட்டியலில் அது எண் 219. தேய்ந்திருந்தாலும் அதைத் தேடுபவர்கள் பலர்.

பழையகல்லா:
விளிம்பைப் பற்றி நான் சொல்கிறேன். அது அச்சின் குற்றமில்லை, வில்லையின், அதாவது அச்சடிக்கும் முன் இருக்கும் வெறும் செப்பு வட்டத்தின் குற்றம். செப்புத் தகட்டிலிருந்து வட்டம் வட்டமாக வெட்டும்போது, ஏற்கெனவே வெட்டிய ஓட்டையின் மேல் வெட்டுளி கொஞ்சம் ஏறி விழுந்தால் இப்படிப் பிறையாகக் குறையும். இது அந்த ஒரு காசுக்கு மட்டும் நேர்ந்தது.

போலியா என்று பார்க்க ஒரு வழி. அதே அளவுள்ள இன்னொரு பெரிய சென்ட்டை அந்தப் பிறைக்குள் வைத்துப் பாருங்கள். சரியாகப் பொருந்த வேண்டும், ஏனென்றால் இரண்டையும் வெட்டியது ஒரே அளவு உளி. பிறகு வெட்டுக்குப் பக்கத்து எழுத்துகளைப் பாருங்கள். அடிக்கும்போது உலோகம் அந்தப் பக்கம் வழிந்திருந்தால் எழுத்து மெலிந்து இழுபட்டிருக்கும். பின்னாளில் அரம் போட்டவன் எழுத்தை நறுக்கென்று அறுத்திருப்பான்.

1795 கடைசியிலிருந்து சென்ட்டின் எடை 10.89 கிராம். துண்டும் போய், தேய்வும் சேர்ந்தால் 10.1 நம்பக்கூடியதே.

செம்புக்காசு:
நல்ல வழி சொன்னீர்கள். வில்லை என்றதும் என் 1797 அரை சென்ட் நினைவுக்கு வருகிறது. செம்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலம்; நியூயார்க்கில் டால்பட், ஆலம் அண்ட் லீ என்ற வணிகர்கள் வெளியிட்ட டோக்கன்களை நாணயச்சாலை வாங்கி, வெட்டி, மேலேயே அரை சென்ட் அடித்தது. என்னுடையதைச் சாய்த்துப் பிடித்தால் தேவியின் கழுத்தருகே டோக்கனின் கப்பல் கயிறு இரண்டு கோடாகத் தெரியும். விளக்கு எதிரே திருப்பித் திருப்பி அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை.

லான்காஸ்டர்வாசி, காசை பிவிசி பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள், பச்சைக் களிம்பு பிடிக்கும். பருத்தி உள்ளுறையும் காகித உறையும் போதும். தூசிக்கு மெல்லிய ஒட்டகமுடி பிரஷ், லேசாக.

லான்காஸ்டர்வாசி:
ஐயா இருவருக்கும் மிக்க நன்றி. நண்பரிடம் 1803 சென்ட் ஒன்றை இரவல் வாங்கி வைத்துப் பார்த்தேன், பிறை அச்சாகப் பொருந்துகிறது. 'அமெரிக்கா'வின் கடைசி இரண்டு எழுத்தும் வெட்டை நோக்கி இழுபட்டு மெலிந்திருக்கின்றன. காம்பு இரண்டு இருக்கிறது, 'யூ'வும் ஒழுங்காக இருக்கிறது, ஆக மூன்று பிழைக் காசு இல்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஆனாலும் அச்சில் ஒரு பிழை, வில்லையில் ஒரு பிழை, இரண்டும் ஒரே காசில். விற்கப்போவதில்லை. டப்பாவில் இன்னும் பாதிப் பொத்தான்களைக் கொட்டிப் பார்க்கவில்லை, இன்றிரவு உட்காருகிறேன்.