கந்தப்பளையில் அரை ஏக்கர்: முதல் போகத்துக்கு உருளைக்கிழங்கு போடலாமா?

புதுப்பாத்தி:
எல்லாருக்கும் வணக்கம். நுவரெலியா மாவட்டத்துக் கந்தப்பளை பக்கம் 6,000 அடிக்கு மேல அரை ஏக்கர் (80 பேர்ச்) குத்தகைக்கு எடுத்திருக்கோம். போன மூணு போகமும் அதில கோவா (முட்டைக்கோசு). கடைசிப் போகத்துல மேல் பாதியில செடி மத்தியானம் வாடி, பிடுங்கிப் பார்த்தா வேர் எல்லாம் கட்டி கட்டியா இருந்ததாம். கீழ்ப் பாதியில அந்தப் பிரச்சினை இல்லைன்னு சொல்றாங்க. மண் பரிசோதனையில அமிலத்தன்மை (pH) 5.1, பொசுபரசு "மிக அதிகம்".

பெப்ரவரி முதல் வாரத்துல முழு அரை ஏக்கருக்கும் கிரனோலா இன உருளைக்கிழங்கு போட எண்ணம். பக்கத்துத் தோட்டக்காரர் 10 மூட்டை டொலமைட் (சுண்ணாம்புத் தூள்) கொட்டிட்டுத்தான் நடணும்னு சொல்றார். விதை எவ்வளவு வேணும், டொலமைட் போடலாமா, வேற என்ன பார்க்கணும்?

மீப்பிலிமான கரட்:
டொலமைட்டை இப்ப இறக்காதீங்க. பக்கத்துக்காரர் சொன்னது கோவாவுக்குச் சரி, கிழங்குக்குச் சரியில்ல.

அந்தக் கட்டி வேர்க்கழலை நோய். அமில மண்ணுல, ஈரத்துல நல்லா வளரும். அதை அடக்க மண்ணை 7, 7.2 வரைக்கும் ஏத்தணும். ஆனா கிழங்குக்கு 5.5ஐத் தாண்டிப் போனா தோல் எல்லாம் சொறி விழும். சொறி விழுந்த கிழங்கு சாப்பிட நல்லாத்தான் இருக்கும், சந்தையில எடுக்கிறவன் மூட்டைக்குள்ள கையை விட்டு ஒண்ணை எடுத்துப் பார்த்ததும் விலையை இறக்குவான். 50 கிலோ மூட்டை 10 போட்டா அரை ஏக்கருக்கு 500 கிலோ. நடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி அவ்வளவையும் கொட்டினா கோவாவுக்கும் முழுசா உதவாது, கிழங்கையும் கெடுக்கும்.

5.1 கிழங்குக்குப் போதும். 5க்குக் கீழ இறங்கினாத்தான் கவலைப்படணும்.

நிலத்தை ரெண்டாப் பிரிங்க. கீழ்ப் பாதியில கிழங்கு, சுண்ணாம்பு இல்லாம. மேல் பாதியில இந்தப் போகம் லீக்ஸ் அல்லது கரட். வேர்க்கழலை ரெண்டையும் தொடாது. கோவா, பூக்கோவா, நோக்கோல், முள்ளங்கி, சீனக்கோவா எல்லாம் ஒரே குடும்பம், அந்தப் பாதியில பல வருசத்துக்கு வேண்டாம். அந்த நோயோட வித்து மண்ணுல பத்து வருசத்துக்கு மேலயும் உயிரோட கிடக்கும். வரப்புல முளைக்கிற காட்டுக்கடுகையும் பிடுங்கிடுங்க, அதுவும் அதே குடும்பம்தான். கீழ்ப் பாதியில கிழங்கு எடுத்த பிறகு டொலமைட் போட்டு, ஒரு மாசம் ஆறவிட்டு அங்க கோவா வைக்கலாம். சுண்ணாம்பு எப்பவும் கிழங்குக்குப் பின்னால, கோவாவுக்கு முன்னால.

பொசுபரசு மிக அதிகம்னா டிஎஸ்பி (பொசுபரசு உரம்) வாங்குற காசை மிச்சம் பிடிங்க. நுவரெலியா மரக்கறித் தோட்டங்கள்ல வருசக் கணக்கா உரமும் கோழி எருவும் கொட்டி பொசுபரசு சேர்ந்து கிடக்கிறது புதுசு இல்ல. போடுறது பயிருக்குப் போகாது, மழையோட கானுக்கு (வடிகாலுக்கு) போய், கிரகரி வாவி மாதிரி குளத்துல பாசியாகும். யூரியாவை ரெண்டாப் பிரிச்சு பாதி நடும்போது, பாதி முதல் மண் அணைக்கும்போது. பொட்டாசியத்தையும் அப்படியே. அளவை உங்க பரிசோதனைத் தாளை வச்சு விவசாயப் போதனாசிரியர்கிட்ட கேளுங்க.

கரட் போடுறதா இருந்தா பச்சைக் கோழி எரு கிட்டவே வரக்கூடாது. வேர் ரெண்டா மூணா கவர் விடும். மக்கின எருவையும் முந்தின பயிருக்கே போட்டு முடிச்சிருக்கணும்.

விதைக்கிழங்கு:
விதைக் கணக்கு: வரிசைக்கு வரிசை 60 செ.மீ., செடிக்குச் செடி 25 செ.மீ. கீழ்ப் பாதியான கால் ஏக்கர் ஏறத்தாழ 1,010 சதுர மீட்டர். கான், நடைபாதை கழித்தால் 6,000 குழி வரும். 40 கிராம் விதை என்றால் 240 கிலோ. 60, 70 கிராம் கிழங்காக வந்தால் எண்ணிக்கை குறையும், எடை கூடும். ஆகவே வாங்கும்போது எடையை மட்டும் கேட்காமல் பருமனையும் கேளுங்கள்.

பெரிய கிழங்கை வெட்டி நடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். பக்டீரியா வாடல் உள்ள ஒரு கிழங்கை வெட்டிய கத்தி அதற்குப் பின் வெட்டும் கிழங்குகளுக்கெல்லாம் நோயைக் கொடுக்கும். ஈர மண்ணில் வெட்டுவாய் அழுகுவது தனி.

மூட்டை வந்த அன்றே பிரியுங்கள். கட்டியே வைத்தால் உள்ளே வேர்த்து அழுகும், முளை வெள்ளையாக நூல்போல் நீளும். தட்டில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் பரப்பி, வெயில் நேரே படாத வெளிச்சத்தில் வையுங்கள். முளை 1 முதல் 1.5 செ.மீ., தடித்து, பச்சையோ ஊதாவோ கலந்த நிறத்தில் இருந்தால் நடலாம். ஒரே ஒரு முளை நுனியில் மட்டும் வந்திருந்தால் அதைக் கிள்ளிவிடுங்கள், மற்றக் கண்களும் முளைக்கும். நூல் முளை விட்ட கிழங்கைத் தனியாக எடுத்துவிடுங்கள்.

நடும் ஆழம்: 10 முதல் 15 செ.மீ. சாலில் வைத்து 5 முதல் 8 செ.மீ. மண் மூடினால் போதும். மிச்ச மண் பின்னால் அணைக்க வேண்டும். செடி ஒரு சாண் உயரம் வந்ததும் முதல் தடவை, அடுத்த இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவை. மண் அணைப்பதைச் சும்மா களை எடுக்கும் வேலையாக நினைக்கிறார்கள். வெளியே தெரியும் கிழங்கு பச்சையாகும், அந்துப்பூச்சி முட்டையிடும், இலையில் இருக்கும் பின் வெளிறல் நோயின் (இலையும் கிழங்கும் அழுகும் நோய்) வித்து மழையோடு வடிந்து நேரே கிழங்கில் இறங்கும். இந்த மூன்றுக்கும் தடுப்பு அந்த மண்தான்.

பெப்ரவரி முதல் வாரம் சரியான நேரம். முளை வெளியே வர இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் உறைபனியின் உச்சம் பெரும்பாலும் தாண்டிவிடும். கிரனோலாவுக்கு 90 முதல் 100 நாள். மே மாதக் கடைசியில் தென்மேல் பருவமழை கனக்கும் முன் கிழங்கு வெளியே வந்துவிட வேண்டும். ஒரு மாதம் பிந்தினால் தோண்டுவது சேற்றில்தான். வெலிமடைப் பக்கத்து ஆட்கள் நெல் அறுத்த வயலில் சிறுபோகக் கிழங்கு போடும் நாட்கணக்கை இங்கே கொண்டு வராதீர்கள். தென்மேல் மழை அங்கே அவ்வளவு எட்டாது. வயலில் தண்ணீர் கட்டி நிற்பதால் மண்ணின் நோயும் வேரைத் தாக்கும் வட்டப்புழுவும் அங்கே குறையும், நமக்கு அந்த வசதி கிடையாது.

பின் வெளிறல்: இங்கே வருமா என்று கேட்கவே வேண்டாம், எப்போது என்பதுதான் கேள்வி. இரவெல்லாம் மூடுபனி, இலை காலை பத்து மணி வரை ஈரம், இப்படி இரண்டு நாள் போதும். செடிகள் ஒன்றை ஒன்று தொடுமுன் மெங்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி தெளிக்கத் தொடங்க வேண்டும், 10 லீட்டருக்கு 20 கிராம். 16 லீட்டர் டாங்கிக்கு 32 கிராம். செடி முழுதாக வளர்ந்த பின் கால் ஏக்கருக்கு மூன்று டாங்கி செல்லும். ஒரே டாங்கியில் முடித்தால் இலையின் அடிப்பக்கம் நனைந்திருக்காது. சாதாரணமாக 7 நாளுக்கு ஒரு தடவை, மூடுபனி விடாமல் இருந்தால் 5 நாள். மெட்டலக்சில் கலந்த மருந்தைப் போகத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் அடிக்க வேண்டாம், அதையும் நோய் பரவிய பின் அடித்துப் பயனில்லை. திரும்பத் திரும்ப அதையே அடித்தால் நோய்க்கிருமி பழகிவிடும், பிறகு மருந்து வெறும் தண்ணீர்.

புதுப்பாத்தி:
நன்றி அண்ணே, ரெண்டு பேருக்கும். பாதி பாதியா பிரிச்சுக்கிறோம். இன்னும் ரெண்டு விசயம். நிலம் நல்ல சரிவு, பழைய பாத்தி எல்லாம் மேலிருந்து கீழ நேராப் போகுது. அப்படியே வச்சுக்கலாமா? கீழ் எல்லையில அடர்த்தியா ஒரு வேலி இருக்கு, அதை ஒட்டித்தான் பனி அதிகம் விழுதாம். 1,000 லீட்டர் டாங்கி ஒண்ணும் ஸ்பிரிங்க்ளர் ரெண்டும் இருக்கு, பனிக்கு அது போதுமா?

கான்வெட்டு:
நேராப் போற பாத்தி தண்ணி வடிய நல்லதுன்னு ஊரெல்லாம் அப்படித்தான் போடுறாங்க. வடியுறது தண்ணி மட்டும் இல்ல, மேல்மண்ணும்தான். அதுக்காகச் சரியா மட்டமாவும் போடாதீங்க. ஒரு பெரிய மழையில சால் நிரம்பி ஒரு இடத்துல உடைச்சா, கீழ இருக்கிற எல்லா வரிசையையும் சேர்த்து அறுத்துக்கிட்டுப் போகும். நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் இருந்தா போதும், தண்ணி மெதுவாப் பக்கத்துக் கானுக்குப் போயிடும்.

அளக்கிறதுக்கு ஏ மாதிரிச் சட்டம் ஒண்ணு போதும். ரெண்டு மீட்டர்க் கம்பு ரெண்டு, உச்சியைக் கட்டி, கால் ரெண்டுக்கும் இடையில சரியா 2 மீட்டர் வர்ற மாதிரி குறுக்குக் கம்பு. உச்சியிலிருந்து நூல்ல ஒரு கல். முதல்ல ஒரு இடத்துல வச்சு நூல் படுற இடத்தைக் குறிங்க, கால் மாத்தி அதே இடத்துல வச்சு மறுபடி குறிங்க. ரெண்டு குறிக்கும் நடுதான் மட்டம். இறக்கம் வேணும்னா ஒரு காலுக்கு அடியில 2 செ.மீ. கட்டை வச்சுக் கட்டிக்கிட்டு, அந்தக் கால் எப்பவும் கான் பக்கம் இருக்கிற மாதிரி நடங்க. காத்தடிக்கிற நேரம் நூல் ஆடும், காலையிலேயே வேலையை முடிச்சிடுங்க.

கானுக்குள்ள மூணு நாலு மீட்டருக்கு ஒரு குழி, நடுவுல கான் கரையை விடத் தாழ்ந்த ஒரு தடுப்பு. தேயிலைத் தோட்டத்துல பார்த்திருப்பீங்க. மழைக்குப் பிறகு குழியில தேங்குற வண்டலை அள்ளி மேல் பாத்தியில போடணும், கரையில போட்டா அடுத்த மழைக்குத் திரும்பக் குழிக்குள்ள. ஆனா உங்க மேல் பாதியில வேர்க்கழலை இருக்கு, அதனால அங்கத்தை வண்டலும் தண்ணியும் கீழ்ப் பாதிக்குள்ள வரவே கூடாது. ரெண்டு பாதிக்கும் நடுவுல ஒரு கான் வெட்டி வெளியே திருப்புங்க. மம்பட்டியையும் பூட்ஸையும் மேலிருந்து கீழ வரும்போது கழுவணும். இதை விட்டா, நிலத்தைப் பிரிச்சது பேருக்குத்தான்.

ஏழு பாகை:
பனிக்கு டாங்கியை நம்பாதீங்க. இலையில ஐஸ் பிடிக்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஸ்பிரிங்க்ளரைத் திறந்து, வெயில் வந்து ஐஸ் கரையிற வரைக்கும் நிப்பாட்டாம ஓட்டணும். மணிக்கு 2.5 மி.மீ. தண்ணின்னு வச்சாலும் அரை ஏக்கருக்கு மணிக்கு 5,000 லீட்டர். உங்க டாங்கி 12 நிமிசம் வரும். நடுவுல நின்னா, நனைஞ்ச இலையிலிருந்து தண்ணி ஆவியாகி இன்னும் குளிரும். அடிக்காம விட்டிருந்தாலே தேவலைன்னு ஆகிடும்.

உங்களால முடிஞ்சது இதுதான்: வானம் தெளிஞ்சு, காத்து நின்னு, சாயங்காலமே விரல் விறைக்கிற காலத்துல மத்தியானத்துக்கு முன்னாடி மண்ணை நல்லா நனைங்க. ஈர மண் பகல் வெயிலைப் பிடிச்சு வச்சு ராத்திரி விடும். காஞ்சு பொடியான மண் விடாது. வரிசைக்கு நடுவுல வைக்கோல் பரப்பியிருந்தா ஜனவரி, பெப்ரவரியில ஒதுக்கிடுங்க, அது மண்ணோட சூட்டை மேல வர விடாது.

அந்த வேலிதான் உங்க எதிரி. குளிர்ந்த காத்து தண்ணி மாதிரிச் சரிவுல இறங்கும், வேலியில அணை கட்டின மாதிரித் தேங்கும். நுவரெலியா குதிரைப் பந்தயத் திடல்லயும் அம்பேவலையிலயும் புல் வெள்ளையாகிறதுக்கும் இதே காரணம்தான், தாழ்வான திறந்த வெளி. வேலியை அழிக்க வேண்டாம், அடியில முழங்கால் உயரத்துக்குக் கிளையைக் கழிச்சு, ரெண்டு மூணு இடத்துல வாசல் மாதிரித் திறந்து விடுங்க.

வெப்பமானியை நெஞ்சு உயரத்துல மாட்டிட்டு 3 பாகை காட்டுது, பயமில்லைன்னு தூங்காதீங்க. அந்த நேரம் தரையில சுழியத்துல இருக்கலாம். இலை உயரத்துல ஒண்ணு வைங்க.

மீப்பிலிமான கரட்:
ஒரு சின்ன மறுப்பு. விடியக்காலை வெயில் படுமுன்ன இலையைத் தண்ணியால கழுவி விடுறதை இங்க எல்லாரும் செய்றாங்க, அதைச் சொல்லாம விட்டுட்டீங்க.

ஏழு பாகை:
செய்றாங்க, தெரியும். பனி இலைக்கு மேல மட்டும் படிஞ்சிருந்தா உதவும். இலைக்குள்ள உறைஞ்சிருந்தா கழுவினாலும் மத்தியானம் கருகத்தான் போகுது. செலவு கம்மி, செய்யலாம், காப்பாத்திட்டோம்னு நினைக்கக் கூடாது. கருகின கிழங்குச் செடியை உடனே வெட்டாதீங்க. நாலஞ்சு நாள் விட்டா அடியிலிருந்து புதுத் துளிர் வரும். சின்னச் செடிக்கு மண் அணைச்சிருந்தா இன்னும் சுலபமா வரும்.

புதுப்பாத்தி:
கடைசியா ஒண்ணு. செடி வாடினா அது பக்டீரியாவா, தண்ணி இல்லாததாலயான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

விதைக்கிழங்கு:
தண்ணீர்க் குறைவு என்றால் செடிகள் பரவலாக வாடும், மாலையில் நிமிரும். பக்டீரியா வாடலில் இலை பச்சையாகவே, முதலில் ஒரு கிளை மட்டும் தொங்கும், பிறகு நிமிராது. அடித்தண்டை நான்கு விரல் நீளத்துக்கு வெட்டி, கண்ணாடி கிளாஸில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டுவாய் தண்ணீரில் மூழ்கும்படி தொங்க விடுங்கள். அசைக்காதீர்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து பால்போல் வெள்ளை நூல் கீழே இறங்கினால் அதுதான். அந்தச் செடியை வேர், கிழங்கு, சுற்றியுள்ள மண்ணோடு பையில் எடுத்து வெளியே கொண்டுபோங்கள், கானில் எறியாதீர்கள். அந்தத் தோட்டத்துக் கிழங்கை விதைக்கு வைக்கவே கூடாது.

பூக்கும் நேரம் நான்கைந்து செடியை மெதுவாகத் தோண்டி வேரையும் பாருங்கள். குண்டூசித் தலையை விடச் சிறிதாக, வெள்ளை அல்லது தங்க மஞ்சள் உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது கிழங்கு வட்டப்புழு. மருந்து தேடி அலையாமல் அந்த வேரை ஈரத் தாளில் சுற்றி சீத்தாஎலியா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் காட்டுங்கள். அது உறுதியானால் குத்தகை முடியும் வரை அந்தப் பாதியில் கிழங்கு கிடையாது. லீக்ஸ், கரட், போஞ்சி என்று சுற்ற வேண்டியதுதான்.