ராத்திரி மூன்று தடவை, மாடிப்படி 14. என்ன செய்யலாம்?

மாடி போர்ஷன், பழைய வண்ணை

எல்லோருக்கும் வணக்கம். வயது 69. சென்னை ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவன். ஜி.ஏ. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடி போர்ஷனில் 31 வருஷமாக வாடகைக்கு இருக்கிறோம், நானும் என் மனைவியும். கேள்வி கொஞ்சம் கூச்சமானது. தெரிந்தவர்களிடம் கேட்க வாய் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ராத்திரியில் மூன்று முறை ஒன்றுக்கு எழுந்திருக்கிறேன். பதினொன்றரைக்கு, இரண்டுக்கு, அப்புறம் நாலு நாலரைக்கு. கக்கூஸ் கீழே, பின்கட்டில். கீழ்வீட்டு இரண்டு குடித்தனத்துக்கும் எங்களுக்கும் பொது. நடுவில் 14 படி. போன வாரம் பேரனுடைய ஸ்கேலை வைத்து அளந்தேன். ஒரு படி 9 அங்குல உயரம், கால் வைக்கிற இடம் 8 அங்குலம். என் பாதம் அதைவிட நீளம், அதனால் நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்க வேண்டும். இரண்டு பக்கமும் சுவர், பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. கிரேன் கேபினுக்குச் செங்குத்தான ஏணியில் ஏறி இறங்கியபோது வராத பயம் இப்போது இந்தப் பதினாலு படியில் வருகிறது.

போன மாதம் விழுந்தேன். ராத்திரி இரண்டு மணி. கீழ்வீட்டுக்காரர்கள் அடிபம்பில் தண்ணீர் பிடித்து, குடங்களைக் கடைசி இரண்டு படியில் வைத்திருந்தார்கள். காலை வைத்தது குடத்தின் மேல். நான் உட்கார்ந்தபடியே வழுக்கி இறங்க, குடம் முன்னால் உருண்டு போய்த் தெருக்கதவில் மோதி, அந்தச் சத்தத்தில் மொத்த வீடும் விழித்துவிட்டது. கையில் லுங்கி, முழங்காலில் ரத்தம், சுற்றி நாலு பேர் டார்ச் அடிக்கிறார்கள். நல்லவேளை எலும்பு முறியவில்லை. அவர்களையும் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வருகிற நேரம் அது, வைக்க வேறு இடம் ஏது?

ஸ்டான்லியில் காட்டினேன். ஸ்கேன் எடுத்து, புராஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். நாலு தடவை மூன்றானது, அவ்வளவுதான். பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

ரூமிலேயே பாட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று என் மனைவியிடம் சொன்னேன். எங்களுக்கு இருப்பது ஒரே ரூம், பத்துக்குப் பன்னிரண்டு. சாமி ஸ்டாண்டும் அதிலேதான். "முருகன் பார்க்கிற இடத்திலா?" என்று ஒரே வார்த்தை, பேச்சு முடிந்தது. மாடியிலேயே சின்னதாக ஒரு யூரினல் வைத்து மழைத்தண்ணீர் பைப்பில் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். ஹவுஸ் ஓனர் நல்ல மனுஷர்தான், ஆனால் செலவு என்றால் காது கேட்காது.

2019-இல் வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ வந்தது. பூமிக்கு அடியில் போக லிஃப்ட் வைத்திருக்கிறார்கள். என் வீட்டு மாடியிலிருந்து தரைக்கு வரத்தான் வழியில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

ஸ்டீல் டம்ளர்

பையன் வீட்டுக்குப் போய்விடுங்கள் சார். இந்த வயதில் எதற்கு இந்தப் பிடிவாதம்?

மாடி போர்ஷன், பழைய வண்ணை

பையன் கூடுவாஞ்சேரியில் இருக்கிறான். லிஃப்ட் இருக்கிறது, பாத்ரூம் இரண்டு இருக்கிறது, கூப்பிட்டுக்கொண்டும் இருக்கிறான். போன தீபாவளிக்கு 12 நாள் இருந்தோம். என் மனைவி அங்கே பேசிய ஒரே வெளியாள் செக்யூரிட்டி. இங்கே காலையில் பால் வாங்கப் போனால் அவள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகிறது. அதை நிறுத்திவிட்டு அவளைக் கூட்டிப்போக எனக்கு மனசு வரவில்லை. கேள்வி ஒன்றுக்குப் போவதைப் பற்றி, வீடு மாறுவதைப் பற்றி இல்லை.

கல்மண்டபம் மருமகள்

ஐயா, என் மாமனாருக்கு இதே கதை, நாலு வருஷம் பார்த்தேன். அதனால் உடைத்தே சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அம்மா முருகனைச் சொல்கிறார்கள், ஆனால் அவர்களுடைய கவலை வேறாக இருக்கலாம். அந்தப் பாட்டிலைக் காலையில் யார் எடுத்துக்கொண்டு போய்க் கழுவுவது? எங்கள் வீட்டில் அதை யாரும் பேசவே இல்லை. முதல் நாளே என் தலையில் விழுந்தது, ஆறு மாதம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மாமனாரே புரிந்துகொண்டு தானே கழுவ ஆரம்பித்தார். சண்டை அன்றோடு தீர்ந்தது. நீங்கள் முதலில் "நான்தான் கழுவுவேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

பாட்டில் என்று தண்ணீர் பாட்டிலை வெட்டி வைக்காதீர்கள். மூடியும் கைப்பிடியும் உள்ள யூரின் பாட்டில் என்றே விற்கிறது. பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் சர்ஜிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன, ஆம்பளைக்கு என்று கேட்டு வாங்குங்கள். விலை பெரிதில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே போங்கள். தூக்கக் கலக்கத்தில் நின்றுகொண்டு போனால் அங்கேயும் விழலாம். காலையில் கொட்டியதும் சோப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் கவிழ்த்து வைத்தால் நாற்றம் தங்காது. மாமனார் முதலில் பினாயில் ஊற்றி வைத்தார், அது மூத்திரத்தைவிட மோசமாக நாறியது.

பைப் வேலை, பெரம்பூர்

அண்ணே, மழைத்தண்ணீர் பைப்பில் மட்டும் விடாதீர்கள். அது கீழே தெருவிலோ மழைநீர்த் தொட்டியிலோ போய்த் திறக்கும். உள்ளே வாட்டர் டிராப், அதாவது தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கிற வளைவு, இருக்காது. நாலே நாளில் சந்து முழுக்க வீச்சம், எட்டாம் நாள் உங்கள் வாசலில் பஞ்சாயத்து. யூரினல் வைத்தால் டிராப் வைத்து, தனி பைப் இறக்கி, கீழே இருக்கிற டிரெயினேஜ் சேம்பரில்தான் சேர்க்க வேண்டும். சுவரை உடைக்கிற வேலை. ஓனரிடம் வாய்வார்த்தை போதாது, எழுதி வாங்குங்கள்.

நான் என்றால் முதலில் கைப்பிடி போடுவேன். ஒன்றேகால் அங்குல ஜி.ஐ. பைப், ஒரு லென்த் 20 அடி வரும், உங்கள் 14 படிக்கு ஒன்று போதும். படியின் விளிம்பிலிருந்து மூன்றடி உயரத்தில் சரிவாகப் போக வேண்டும். சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் ஒன்றரை அங்குலம் இடைவெளி விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் விரல் மடங்காது. இறங்கும்போது எந்தக் கையில் பலமோ அந்தப் பக்கம். முக்கியமாக, கடைசிப் படியோடு பைப்பை நிறுத்திவிடாதீர்கள். ஒரு அடி தள்ளி வரட்டும். தரை வந்துவிட்டது என்று நினைத்துக் கையை விடுகிற இடத்தில்தான் இன்னும் ஒரு படி இருக்கும்.

உங்கள் வீடு பழைய சுண்ணாம்புக் காரைக் கட்டடமாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. செங்கலும் செங்கலும் சேருகிற இடத்தில் டிரில் போட்டால் பொடிப்பொடியாகக் கொட்டும், ஃபாஸ்ட்னர் நிற்காது. பூச்சைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்து, முழுச் செங்கலின் நடுவில் போட வேண்டும். போட்டு முடித்ததும் ஆள் ஒருத்தர் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்க்கட்டும். கூலி கொடுப்பது அதற்கப்புறம்.

அப்படியே மேலே ஒன்று கீழே ஒன்று டூ-வே சுவிட்ச், ஒவ்வொரு படியின் விளிம்பிலும் இரண்டு அங்குலத்துக்கு மஞ்சள் பெயின்ட்.

ரிட்டயர்டு ஸ்டாஃப் நர்ஸ், கொருக்குப்பேட்டை

சார், படியைச் சரி செய்வது இருக்கட்டும், மூன்று தடவை ஏன் போகிறீர்கள் என்பதைப் பார்ப்போம். புராஸ்டேட் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

மூன்று நாள் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனீர்கள், எவ்வளவு போனது. ஒரு பழைய அளவு ஜாடி போதும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகப் போகிறதென்றால் பிரச்சினை பெரும்பாலும் மூத்திரப்பையிலோ புராஸ்டேட்டிலோ. தடவைக்கு 300, 400 மில்லி என்று நிறையப் போனால் உடம்பு ராத்திரியில் அதிகமாக நீரை வெளியேற்றுகிறது. சுகர் இருக்கலாம், சாயந்தரம் கால் வீங்குகிறவராக இருக்கலாம். வீங்கிய காலில் தேங்கின நீர் படுத்ததும் மேலே ஏறி ராத்திரியில் வெளியே போகும். அப்படிப்பட்டவர்கள் சாயந்தரம் நாலு மணிக்கு ஒரு மணி நேரம் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்தால், அதில் கொஞ்சம் தூங்குவதற்கு முன்பே போய்விடும்.

பிரஷர் மாத்திரை என்றீர்கள். அதில் நீர் மாத்திரை, அதாவது மூத்திரத்தை அதிகமாகப் போக வைக்கிற மாத்திரை, இருக்கிறதா, எப்போது சாப்பிடுகிறீர்கள்? இரவுச் சாப்பாட்டுக்கு அப்புறம் என்றால் விடிய விடிய படி ஏற வேண்டியதுதான். ஆனால் நீங்களாக நேரத்தை மாற்றாதீர்கள், சீட்டைக் கொண்டுபோய் டாக்டரிடம் கேளுங்கள். புராஸ்டேட் மாத்திரையில் சிலது எழுந்தவுடன் தலைசுற்றலைக் கொடுக்கும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும். அதனால் விழித்ததும் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டு எழுந்திருங்கள். குடத்தைத் திட்டுகிறோம், பாதி தள்ளாட்டம் அதில்கூட இருக்கலாம்.

பயந்துகொண்டு பகலில் தண்ணீரைக் குறைப்பவர்கள் உண்டு. நம் ஊர் வெயிலுக்கு அது கூடவே கூடாது. படுப்பதற்கு முந்தின இரண்டு மணி நேரம் மட்டும் குறையுங்கள். ராத்திரி எட்டு மணிக்கு டீ குடிக்கிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். ரத்தமாகப் போனாலோ, குளிர் காய்ச்சல் வந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் போகவே முடியாமல் நின்றாலோ காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் ஏரியாவில் மக்களைத் தேடி மருத்துவம் ஆட்கள் வருகிறார்களா? 2021-இல் இருந்து பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். முழங்கால் பிசியோதெரபிக்கும் அவர்களிடம் கேளுங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். இது பழகினால் நண்டு நடை கொஞ்சம் நேராகும்.

மாடி போர்ஷன், பழைய வண்ணை

ஒரு மாதம் ஆகிறது. பதில் எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும் அல்லவா.

முதலில் நோட்டு. கிரேன் லாக்புக் எழுதிய பழக்கம், மூன்று நாளும் மணி, நிமிஷம், மில்லி என்று வரி விடாமல் எழுதினேன். 350, 400, 300. அதைப் பார்த்துவிட்டு டாக்டர் மாத்திரை டப்பாவைக் கேட்டார். நர்ஸம்மா சொன்னதுதான். மறந்துவிடக்கூடாது என்று எல்லா மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் விழுங்கிக்கொண்டிருந்தேன். சீட்டில் நீர் மாத்திரை காலையில் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. தப்பு என்னுடையது. அதைக் காலைக்கு மாற்றச் சொன்னார். சாயந்தரம் காலைத் தூக்கி வைத்துப் படுக்கிறேன். மூன்று இரண்டாகிவிட்டது, சில ராத்திரி ஒன்றுதான்.

அப்புறம் பாட்டில். "நான்தான் கழுவுவேன்" என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு, "ரூமுக்குள்ளே வேண்டாம், கதவுக்கு வெளியே திருப்பத்தில் மூன்றடி இடம் இருக்கிறதே, அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்" என்று அவளே வழி சொன்னாள். பழைய போர்வையைத் திரையாகக் கட்டியதும் அவள்தான். விடிகாலை ஐந்து மணிக்கு, கீழ்வீட்டில் எழுந்திருப்பதற்கு முன்னால், நானே எடுத்துப்போய்க் கழுவிவிடுகிறேன். அதையும் ராத்திரியில் பயன்படுத்துவது ஒரு தடவைதான்.

கைப்பிடிக்கு ஓனர் காசு தரவில்லை. போட்டுக்கொள்ளுங்கள் என்று கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார். பைப், கிளாம்ப், கூலி, மஞ்சள் பெயின்ட் எல்லாம் சேர்த்து 4,200 ஆனது. சுவர் சுண்ணாம்புக் காரைதான். முதல் இரண்டு ஓட்டை கொட்டிப்போய், மூன்றாவதில் செங்கல் கிடைத்தது. தொங்கிப் பார்க்கச் சொன்னேன், வந்த பையன் சிரித்துக்கொண்டே தொங்கினான். டூ-வே சுவிட்ச் அடுத்த மாதம். குடங்கள் இப்போது படிக்கு அடியில் சுவரோரம் போகின்றன, கேட்காமலே மாற்றிவிட்டார்கள்.

இதில் ஒன்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கீழ்வீட்டு ஆயாவுக்கு 80-க்கு மேல். முழங்கால் போனதிலிருந்து மாடிப்பக்கம் வந்ததில்லை. பைப் போட்ட மூன்றாம் நாள் மதியம், ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் முறத்தோடு ஏறி வந்துவிட்டாள். எங்கள் போர்ஷனுக்கு முன்னால் கொஞ்சம் மொட்டைமாடி இருக்கிறது, அங்கே நல்ல வெயில். முறத்தில் காசிமேட்டு நெத்திலி. காயவைத்துவிட்டு, காக்கா ஓட்டுகிற சாக்கில் நாலு மணி வரைக்கும் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தாள். இப்போது தினமும் வருகிறாள். பாட்டில் நாறும் என்று அவ்வளவு யோசித்த என் மனைவி, கருவாடு நாற்றத்தைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை.