புதுப்பிப்பு: மெத் பழக்கத்துக்கு மூளைக் காந்தத் தூண்டல் – மாமாவுக்கு என்ன முடிவானது

முன்னாள் ராணுவ வீரரான என் மாமாவின் மெத் (மெத்தாம்பெட்டமைன் எனும் ஊக்கப் போதைப்பொருள்) பழக்கத்துக்கு, தலையில் காந்தச் சுருளை வைத்து மூளையைத் தூண்டும் டிஎம்எஸ் எனும் காந்தத் தூண்டல் உதவுமா என்று பென்னாகரத்திலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் போதை மீட்புப் பிரிவில் காட்டச் சொன்ன ஓசூர் அண்ணனின் யோசனைதான் கைகொடுத்தது.

டாக்டர் உடைத்தே சொன்னார்: அமெரிக்காவில் டிஎம்எஸ்ஸை மனச்சோர்வுக்குப் பயன்படுத்த 2008-லும், புகைப்பழக்கத்தைக் கைவிட 2020-லும் அனுமதி கிடைத்தது, மெத், கொக்கைன் பழக்கத்துக்கு இன்னும் ஆய்வு நிலைதான். மற்ற சிகிச்சையோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றார். அப்புறம் வலிப்பு வந்ததுண்டா, தலையில் உலோகம் உண்டா என்று விசாரித்தார்கள். எக்ஸ்ரேயில், மாமாவின் இடது புருவத்துக்கு மேலே அரிசி அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. பழைய குண்டுச் சிதறல்! காந்தச் சுருளை வைப்பதும் அதே பக்கத்தில்தான். ஆபத்து என்று விட்டுவிட்டார்கள்.

இங்கே இன்னொருவர் சொன்ன பரிசு முறைதான் இப்போது நடக்கிறது, கவுன்சலிங்கோடு. சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக வந்தால் உடனே ஒரு சின்னப் பரிசு. அத்தை ஒகேனக்கல் மீன் வாங்கி வறுத்துத் தருகிறார். ஊக்கப் போதைக்கு அதிக ஆதாரம் உள்ள சிகிச்சை இதுதானாம். மாமா தூங்குகிறார், சாப்பிடுகிறார். இடையில் ஒருமுறை சறுக்கினார், மறுபடி வந்துவிட்டார்.

தேடி வருபவர்களுக்கு: தலையில் காயம்பட்ட படைவீரர் என்றால் அதை முதலிலேயே சொல்லுங்கள். போதை மீட்பு உதவிக்கு அரசின் இலவச எண் 14446.