கோடை லீவும் போனும்: நேரம் வெக்கறதா, பிடுங்கி வெக்கறதா?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்):
பையன் ஏழாவது முடிச்சிருக்கான், 12 வயசு. லீவு விட்டதிலிருந்து ராத்திரி 1 மணிக்குப் படுத்து காலைல 10 மணிக்கு எழறான். இந்த வெயில்ல வெளியே அனுப்பவும் முடியல. ஜூன்ல பள்ளிக்கூடம் திறந்தா என்ன ஆகும்? போனைப் பிடுங்கிடலாமா? பசங்க போனைக் கட்டுப்படுத்தற கூகுளோட ஃபேமிலி லிங்க் ஆப் போட்டா பிரயோஜனம் உண்டா?

பதில் 1:
பிடுங்க வேண்டாங்க. அவன் தூங்கறது 9 மணி நேரம், 12 வயசுக்கு அது குறைஞ்சபட்ச அளவு. ஆனா நேரம் தள்ளிப் போயிருக்கு. ஜூன்ல ஆறரைக்கு எழுப்பினா அதே தூக்கம் அஞ்சரை மணி நேரமாச் சுருங்கிடும்.

படுக்கற நேரத்தை மாத்தாதீங்க, எழற நேரத்தை மாத்துங்க. தூக்கம் சொன்னபடி வராது, எழுப்பறது நம்ம கையில இருக்கு. மூணு நாளைக்கு ஒருக்கா அரை மணி முன்னாடி எழுப்புங்க. பத்துல இருந்து ஆறரைக்கு வர 7 படி, 21 நாள். மே முதல் வாரமே ஆரம்பிக்கணும். எழுந்ததும் வாசல் வெளிச்சத்துல உக்கார வைங்க, உடம்போட கடிகாரம் அதுலதான் நகரும். மத்தியானத் தூக்கம் அரை மணிக்கு மேல போனா ராத்திரி எல்லாம் கெடும்.

இன்னொண்ணு, தினசரி டேட்டா பேக் நடுராத்திரி 12 மணிக்குப் புதுசாகும். அதுக்காகவே முழிச்சிருக்கற பசங்க உண்டு. ஒன்பதரைக்கு போன் ஹால்ல சார்ஜுக்குப் போகட்டும். "அலாரம் வேணும்"னு சொல்லுவான், ஒரு டைம்பீஸ் வாங்கிக் குடுத்துருங்க.

பதில் 2:
ஃபேமிலி லிங்க் வேலை செய்யும், ஆனா போன்ல பையனோட கூகுள் அக்கவுண்ட் இருக்கணும். அம்மா அக்கவுண்ட்லயே ஓடற போன்ல போட்டு ஒண்ணும் நடக்காது. தினசரி வரம்பை விட ராத்திரி பூட்டற 'டவுன்டைம்' முக்கியம், 9.30ல இருந்து காலை 7 வரை வைங்க. தினசரி வரம்பு ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனிக் கணக்கு. போனுக்கு 2 மணி, டேப்லெட்டுக்கு 2 மணின்னு வெச்சா அவனுக்கு 4 மணி. யூடியூப் ஆப்பை மட்டும் தடுத்தா குரோம்ல திறப்பான். ஒரு வீடியோ முடிஞ்சதும் அடுத்தது தானா ஓடற ஆட்டோபிளேயை அணைச்சுடுங்க. வீட்ல பாட்டி போன் லாக் இல்லாம இருந்தா இத்தனையும் வீண்.

பதில் 3:
வெயில் விஷயம்: 11 முதல் 3 மணி வரை நேரடி வெயில் வேண்டாம்னு கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையமே சொல்லுது. பாலக்காடு, வெயில் 40 டிகிரியத் தொடும் ஊர். காலைல ஒன்பது வரை, சாயங்காலம் நாலரைக்கு மேல விளையாட்டு. தினமும் மொத்தம் 2 மணி நேரம் வெளிய இருந்தாலே கிட்டப்பார்வை வர வாய்ப்பு குறையும். மாமர நிழல் போதும், அந்த வெளிச்சமே வீட்டுக்குள்ள இருக்கறதை விடப் பல மடங்கு.

உச்சி வெயில்ல ஸ்கிரீன் பாக்கட்டும், தப்பில்ல. கை போனை விட டிவி மேல், தூரமாவது இருக்கும். போன் தரலைன்னு சாப்பிடாம கிடந்தா, சிநேகிதங்களை விட்டு ஒதுங்கினா, அரசோட மனநல உதவி எண் டெலி மானஸ் 14416க்குக் கூப்பிடுங்க. தமிழ்லயும் பேசலாம், காசில்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. மாமியார் போனுக்கு இப்பவே லாக் போடறேன். டைம்பீஸும் வாங்கணும்.