வட்டக்கச்சி வீடு: அம்மம்மாவின் 80

புதன்

குட்டி: சனிக்கிழமை கேக் யார் பொறுப்பு? இன்னும் மூன்று நாள்தான்.

சின்னவன்: கடையில் சொல்லுவோம்

குட்டி: போன வருடம் கடையில் சொல்லி "அம்மமா" என்று எழுதி வந்தது மறந்துவிட்டதா?

சின்னவன்: ருசியாகத்தானே இருந்தது

மாமா: அம்மா கிறீம் தொடமாட்டா. போன முறை வெட்டிய கையோடு கை கழுவப் போனவ.

கார்டிஃப் சித்தி: நான் ஒன்று சொல்கிறேன், கவனமாக வாசியுங்கள். இங்கே வேல்ஸில் பழைய ஆட்கள் செய்கிற பழப்பாண் ஒன்று இருக்கிறது. பெயர் பாரா பிரித். பாரா என்றால் பாண், பிரித் என்றால் புள்ளி விழுந்தது. பட்டர் இல்லை, எண்ணெய் இல்லை, கிறீமும் இல்லை. பிளம்ஸும் (உலர்ந்த திராட்சை) பேரீச்சம்பழமும் சேர்த்து 350 கிராம். அதைப் பால் விடாத சூட்டுத் தேத்தண்ணி 300 மில்லிலீற்றரில் இரவு முழுக்க ஊறப் போடவேண்டும். விடிய 275 கிராம் கோதுமை மா, 3 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், 200 கிராம் சிவப்புச் சீனி, ஒரு முட்டை. ஊறிய தேத்தண்ணியை வடித்து ஊற்றிவிடாதீர்கள், அதுவும் உள்ளேதான் போகவேண்டும். காய்ந்த பழத்தை அப்படியே போட்டால் மாவின் ஈரத்தை அது குடித்துவிடும். ஊறிய பழம் குடிக்காது, அதனால்தான் பட்டர் இல்லாமலே மெத்தென்று வரும். 170 பாகையில் ஒரு மணித்தியாலம். ஈர்க்குக் குத்திப் பார்த்தால் மா ஒட்டக்கூடாது.

சின்னவன்: சுருக்கமாக?

குட்டி: பிளேன்டீ பாண்

மல்லாவிப் பெரியம்மா: அம்மாவுக்குச் சீனி வருத்தம். 200 கிராம் போடச் சொல்கிறாள், அங்கே இருந்துகொண்டு.

கார்டிஃப் சித்தி: அக்கா, அது முழுப் பாணுக்கும். அம்மாவுக்கு ஒரு மெல்லிய துண்டுதானே.

மல்லாவிப் பெரியம்மா: அப்பாவின் செத்தவீட்டுக்கும் ஆள் இல்லை. இப்போது அளவு மட்டும் வருகிறது.

கார்டிஃப் சித்தி: 2007 இல் சண்டையால் பாதை பூட்டியிருந்தது. நடந்தா வருவது?

மாமா: பழசு வேண்டாம். மா எத்தனை கிராம் என்றாய்?

கார்டிஃப் சித்தி: 275

மாமி: சீனி 100 போதும். பேரீச்சம்பழமே இனிக்கும்.

பெரியண்ணை (ஒட்டுசுட்டான்): நேற்று இரவு யானை வந்தது. தென்னங்கன்று 4 போய்விட்டது.

சின்னவன்: ஐயோ. வேலி?

பெரியண்ணை: வேலியைப் பற்றி யானையிடம் கேள்

மாமா: வெடி கொளுத்தவில்லையா?

பெரியண்ணை: கொளுத்தினேன். நின்று பார்த்துவிட்டு மற்றக் கன்றையும் முறித்தது.

குட்டி: அண்ணை, சனிக்கிழமை வருவீர்களா?

பெரியண்ணை: யானை விட்டால்

மல்லாவிப் பெரியம்மா: அதுசரி, சனிக்கிழமை புரட்டாசிச் சனி. யாருக்காவது நினைவிருக்கிறதா? அம்மா எள்ளெண்ணெய் எரிக்கக் கோயிலுக்குப் போகிற நாளில் முட்டை போட்ட பாணா?

சின்னவன்: போச்சு

மாமி: முட்டை இல்லாமலும் வரும். இரண்டு கரண்டி தயிர் விடு.

கார்டிஃப் சித்தி: மச்சாள், நான் தயிர் விட்டுச் செய்ததில்லை. முட்டைக்குப் பதில் கொஞ்சம் பால் விட்டிருக்கிறேன். கொஞ்சம் உதிரும், அதனால் நன்றாக ஆறிய பிறகுதான் வெட்டவேண்டும். பழம் எவ்வளவு ஊறுகிறதோ அவ்வளவு நல்லது. தேயிலை 4 தேக்கரண்டி போட்டுக் கொதிக்க விட்டு

மாமி: கொதிக்க விடாதே. தண்ணி கொதித்ததும் இறக்கித் தேயிலை போட்டு 5 நிமிடம் மூடிவை. பிறகு வடி. சக்கை உள்ளே கிடந்தால் விடியக் கைக்கும். டஸ்ட் என்றால் 3 தேக்கரண்டியே போதும், சாயம் கடுமை.

மல்லாவிப் பெரியம்மா: தேயிலை விசயம் அவவுக்குத்தானே தெரியும்.

மாமி: ஓம் மச்சாள். அப்பம்மா ஹட்டனில் கொழுந்து பறித்தவ. 77 கலவரத்தோடுதான் நாங்கள் இங்கே வந்தது. நான் கலியாணம் கட்டி வந்து இரண்டு வருடம் என் கையால் தேத்தண்ணி குடிக்காமல் இருந்தது யார் என்றும் எனக்குத் தெரியும்.

மல்லாவிப் பெரியம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

குட்டி: சரி. அவண் என்னிடம் இருக்கிறது. தகரம்தான் இல்லை.

மாமா: பக்கத்து வெதுப்பகத்தில் றாத்தல் பாண் தகரம் கேட்டு வாங்கலாம்.

கார்டிஃப் சித்தி: நான் சொன்ன அளவு 2 றாத்தல் தகரத்துக்கு. சின்னது என்றால் இரண்டாகப் பிரித்து ஊற்று. நேரமும் குறையும், 40 நிமிடத்திலேயே குத்திப் பார். ஆட்கள் எத்தனை?

மாமா: 35. கோயில் ஆட்கள் வந்தால் 50.

குட்டி: அப்படியென்றால் மூன்று மடங்கு. பழம் மட்டும் ஒரு கிலோவுக்கு மேலே. யார் காசு?

சின்னவன்: பாலைப்பழம் போடலாமே, காட்டில் சும்மா

பெரியண்ணை: காலம் முடிந்தது. வாயே ஒட்டும், பாண் தகரத்தை விடுமா?

குட்டி: இன்னொன்று. சனிக்கிழமை காலை 8 இலிருந்து 5 வரை கரண்ட் இல்லையாம்.

மாமா: இல்லாவிட்டால் என்ன. கிடாரத்தில் மணல் பரப்பி, உள்ளே தகரத்தை வைத்து, மூடிக்கு மேலே சிரட்டைத் தணல் கொட்டி அப்பா கேக் சுட்டவர். ஜாம் போத்தல் விளக்குக் காலம். ஒரு பக்கம் எப்போதும் கருகும். அதைக் கடைசிப் பிள்ளைக்குக் கொடுப்பார்.

கார்டிஃப் சித்தி: கருகினதுதான் ருசி என்று என்னை ஏமாற்றினவர்.

மல்லாவிப் பெரியம்மா: நீ நம்பினாயே

மாமி: சனிக்கிழமை சுடத் தேவையில்லை. நாளை இரவு ஊறப்போடு, வெள்ளிக்கிழமை சுடு.

கார்டிஃப் சித்தி: அதுதான் சரி. சுற்றி வைத்தால் மறுநாள்தான் இன்னும் நன்றாக இருக்கும்.

குட்டி: மூன்றா இரண்டா? முட்டையா தயிரா?

மாமா: பார்ப்போம்

வெள்ளி

குட்டி: சித்தி, நேற்று இரவு ஊறப்போட்ட சட்டியில் பழம் இருக்கிறது, தேத்தண்ணியைக் காணவில்லை. பழம் குடித்துவிடுமா?

கார்டிஃப் சித்தி: கொஞ்சம் குடிக்கும். முழுக்கவா?

குட்டி: பக்கத்தில் ஒரு கோப்பையும் இருக்கிறது.

மாமா: சின்னவன் எத்தனை மணிக்கு வவுனியாவிலிருந்து வந்து இறங்கினான்?

சின்னவன்: கடைசி பஸ். எனக்கு எடுத்து வைத்த பிளேன்டீ என்று நினைத்தேன். சீனியும் போடவில்லையே என்று பார்த்தேன்.

கார்டிஃப் சித்தி: எவ்வளவு குடித்தாய்? மில்லிலீற்றரில் சொல்லு.