1/48 மிக்-21 பிஸ்: ரெசின், பித்தளை பாகங்கள் எல்லாம் வாங்கியாச்சு, எதிலிருந்து தொடங்குவது?

காவேரிப்பட்டினம்_48 எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எடுவார்ட் கம்பெனியின் 1/48 (அசலில் 48-ல் ஒரு பங்கு) அளவில், மிக்-21 போர் விமானத்தின் பிஸ் வகை பிளாஸ்டிக் மாடல் கிட், புரொஃபிபேக் பெட்டி, கையில் இருக்கிறது. அதற்கென்று தனியாகச் சேர்த்தவை: இருக்கையோடு வரும் ரெசின் (அச்சில் வார்த்த பிசின்) காக்பிட், ரெசின் எக்ஸாஸ்ட் (எஞ்சின் புகை வெளியேறும் பின்குழாய்), ரெசின் சக்கரங்கள், கடைந்த பித்தளை பிட்டோ குழாய் (மூக்கில் நீட்டி நிற்கும் வேகம் அளக்கும் குச்சி). ஒவ்வொன்றும் வேறு வேறு கம்பெனி. இதுவரை பெட்டியில் இருப்பதை மட்டும் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன், ரெசினில் கை வைப்பது இதுதான் முதல் தடவை.

செய்ய நினைப்பது 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்ற 23-ஆம் ஸ்குவாட்ரன் விமானங்களில் ஒன்று. 1963-ல் நம் விமானப்படைக்கு வந்து அறுபது வருஷத்துக்கு மேல் பறந்த விமானம், அதை நன்றாகச் செய்து வைக்க வேண்டும் என்பது பெரிய ஆசை, அதனால்தான் அவசரப்படாமல் கேட்கிறேன்.

ரெசின் காக்பிட் தொட்டியை உள்ளே வைத்து டேப் போட்டுப் பார்த்தால் உடலின் இரண்டு பாதியும் சேர மாட்டேன் என்கின்றன, முதுகுப் பக்கம் நல்ல இடைவெளி. எதைத் தேய்ப்பது, கிட்டையா ரெசினையா? எக்ஸாஸ்ட் வேறு கையில் எடுத்தாலே கனமாக இருக்கிறது, கட்டி முடித்தபின் வால் தரையில் உட்கார்ந்துவிடுமோ என்று பயம். பெட்டியிலேயே வண்ணம் அச்சிட்ட போட்டோ எட்ச் (அமிலத்தால் அரித்தெடுத்த மெல்லிய உலோகத் தகடு) பேனல் இருக்கிறது, ரெசினிலும் ஒரு பேனல் இருக்கிறது, எதை வைப்பது? இங்கே பக்கத்தில் மாடல் கடை எதுவும் கிடையாது, கிருஷ்ணகிரி ஹார்டுவேர் கடையில் கிடைப்பதை வைத்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர்_ரிவெட் எழுதியது:

தம்பி, ரெசினை வெட்டும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். சண்டிகரில் விடைபெற்றது பைசன். உங்கள் பெட்டியில் இருப்பது சாதாரண பிஸ். பைசன் என்பது பிஸ் விமானத்தையே எடுத்துப் புதுப்பித்தது (மொத்தம் 125 விமானங்களை அப்படி மாற்றினார்கள்), 2019 பிப்ரவரி 27 அன்று அபிநந்தன் ஓட்டியதும் அதுதான். தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத் தெரியும், ஆனால் மாடல் செய்கிறவருக்கு வித்தியாசம் முகத்திலேயே இருக்கிறது. பிஸ்ஸின் முன் கண்ணாடி சட்டம் போட்டுப் பிரித்தது, பைசனில் சட்டமே இல்லாத ஒரே துண்டு. காக்பிட் உள்ளே பழைய டயல்கள் பல போய் திரை வந்துவிட்டது. ஃபிளேர் (ஏவுகணையை ஏமாற்றும் தீப்பந்து) வீசும் பெட்டிகள், கூடுதல் ஆன்டெனாக்கள், ஆர்-73 ஏவுகணை என்று பட்டியல் நீளும். உங்கள் ரெசின் காக்பிட் முழுக்க டயல்களாக இருந்தால் அது பிஸ்ஸுக்கானது, பைசனுக்குள் வைத்தால் தப்பு.

ஆகவே இரண்டு வழி. பைசனேதான் வேண்டும் என்றால் அதற்கென்று மாற்றுப் பாகங்கள், முக்கியமாக அந்த முன் கண்ணாடி, தேட வேண்டும். ரெசின் காக்பிட்டை வேறொரு பிஸ்ஸுக்கு எடுத்து வையுங்கள். இல்லையென்றால் எண்பதுகளில் நாசிக்கில் எச்.ஏ.எல். (இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ்) கட்டிய பிஸ்ஸையே செய்யுங்கள், நம் ஆட்கள் டைப்-75 என்று சொல்வது அதைத்தான். என்னைக் கேட்டால் இரண்டாவது. வாங்கியது எதுவும் வீணாகாது, புதுப்பிக்கும் முன் இருந்த விமானத்தைச் செய்கிறவர்களும் குறைவு.

எந்த வழியில் போனாலும் எக்ஸாஸ்ட், இருக்கை, சக்கரம் மூன்றும் கவலையில்லை. ஆர்-25 எஞ்சினும் கேஎம்-1 இருக்கையும் பைசனிலும் அப்படியே தொடர்ந்தன.

படம் பார்க்கும்போது வாலில் உள்ள எண்ணைக் கவனியுங்கள். சி.யு. என்று தொடங்கினால் அது பைசன். வெறும் சி என்றால் பழையது, அதிலும் எஃப்.எல்., எம், பிஸ் என்ற வகைகளில் எது என்று உடலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். எஃப்.எல்.லில் கானோபி (விமானியின் தலைக்கு மேல் உள்ள கண்ணாடி மூடி) முன்பக்கம் கீல் வைத்து மேலே தூக்கும், இருக்கையும் வேறு, எஸ்கே-1. பிஸ்ஸில் கானோபி வலது பக்கம் சாயும். இணையத்தில் இரண்டையும் கலந்து போட்டு வைத்திருக்கிறார்கள், கவனம்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெங்களூருவில் எச்.ஏ.எல். அருங்காட்சியகம் போய் வாருங்கள். ஓசூரிலிருந்து சில்க் போர்டு வழியாக மாரத்தஹள்ளிப் பக்கம், பஸ்ஸிலேயே போகலாம். அங்கே ஒரு மிக்-21 நிற்கிறது. எந்த வகை என்று பலகையில் பார்த்துவிட்டு சக்கரம், தரையிறங்கும் கால், உடல் தகடுகளின் இணைப்புகள் எல்லாம் கிட்டே நின்று பாருங்கள், அதை நேரில் பார்த்தவன் கையும் பார்க்காதவன் கையும் பெயின்ட் அடிக்கும்போது தனித்தனியாகத் தெரியும்.

தகடூர்_ரெசின் எழுதியது:

ஓசூர் அண்ணன் சொன்னது சரி, பிஸ்ஸாகவே செய்யுங்கள். நான் காக்பிட் விஷயத்துக்கு வருகிறேன்.

கிட்டையா ரெசினையா என்றால் இரண்டையும், ஆனால் கிட்டின் உள்பக்கத்தை முதலில். உடல் பாதிகளின் உள்சுவரில் கிட்டின் சொந்த காக்பிட்டுக்காக வார்த்த மேடு பள்ளம், தாங்கும் விளிம்பு எல்லாம் இருக்கும், அவை முழுக்கப் போய் சுவர் வழவழப்பாக வேண்டும். அதற்கப்புறம் சுவரையே மெலிதாக்குங்கள். பின்பக்கம் செல்போன் டார்ச் வைத்துப் பாருங்கள், பிளாஸ்டிக் வழியாக வெளிச்சம் மங்கலாக ஊடுருவினால் போதும், அதற்கு மேல் தேய்த்தால் வெளியே உள்ள ரிவெட் வரிசைக்கு ஆபத்து.

ரெசினில் தேய்க்க வேண்டியது தொட்டியின் அடிப்பக்கம். மிக்-21-ல் முன்சக்கரக் குழி காக்பிட்டுக்கு நேர் கீழே வருகிறது, குழியின் கூரையும் தொட்டியின் தரையும் முட்டுவதால்தான் பெரும்பாலும் முதுகு திறந்துகொள்கிறது. எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வழி: ரெசினின் அடியிலும் ஓரத்திலும் மார்க்கர் பேனாவால் தேய்த்து, மை காயும் முன் உள்ளே வைத்து அழுத்தி எடுங்கள். கிட்டில் மை ஒட்டிய இடம்தான் முட்டும் இடம். அங்கே மட்டும் தேய்த்து மறுபடி வைத்துப் பாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் காட்டும் பொறுமைதான் பின்னால் பட்டி வைத்து ஒப்பேற்றும் வேலையை மிச்சப்படுத்தும்.

அடிப்பக்கம் சமமாகத் தேய்க்க நம் ஊருக்கே உரிய வசதி ஒன்று உண்டு. கிரானைட் பாலிஷ் போடும் பட்டறைகளில் ஓர வெட்டுத் துண்டு கேளுங்கள், பாலிஷ் போட்ட பக்கம் அவ்வளவு தட்டையாக இருக்கும். அதன்மேல் 400 வாட்டர் பேப்பரைத் தண்ணீர் நனைத்து விரித்து, ரெசினை எட்டு வடிவத்தில் தேய்த்தால் ஒரே சீராகக் குறையும். தண்ணீர் இல்லாமல் தேய்க்கவே கூடாது. ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க் கட்டாயம், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் வேலை முடிந்ததும் மேசையை ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரெசின் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பில் பழைய டூத் பிரஷ் கொண்டு கழுவிவிடுங்கள். அச்சிலிருந்து எடுக்கப் போட்ட எண்ணெய் மிச்சம் இருந்தால் பெயின்ட் பிடிக்காமல் உரிந்து வரும். பிளாஸ்டிக் சிமெண்ட் ரெசினைக் கரைக்காது, அதனால் ஒட்டாது. ஃபெவிக்விக் அல்லது அரால்டைட்தான். மெல்லிய பாகம் ஏதாவது வளைந்திருந்தால் வெந்நீரில் சற்று நேரம் போட்டு நிமிர்த்தி, பச்சைத் தண்ணீரில் நனையுங்கள், நின்றுவிடும்.

பேனல் கேள்விக்கு: ரெசின் பேனலை வையுங்கள். வண்ணம் அச்சிட்ட போட்டோ எட்ச் சுத்தமாக இருக்கும், ஆனால் தட்டை. சுற்றிலும் ஆழமான ரெசின் இருக்கும்போது நடுவில் தட்டையான தகடு கண்ணை உறுத்தும். உள்பக்கம் அந்த ரஷ்ய நீலப்பச்சை, பேனலில் டயல்கள் கறுப்பு, மேடுகளை மட்டும் காய்ந்த பிரஷால் வெளிர் சாம்பலில் தொட்டுவிட்டு ஒவ்வொரு டயலிலும் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ். இவ்வளவு உழைத்தபின் கானோபியை மூடி வைக்காதீர்கள், வலப்பக்கம் திறந்தபடி ஒட்டுங்கள்.

காவேரிப்பட்டினம்_48 எழுதியது:

அண்ணா, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பைசன் வித்தியாசம் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது, பிஸ்ஸாகவே செய்கிறேன். மார்க்கர் வைத்துப் பார்த்தேன், சொன்ன மாதிரியே சக்கரக் குழிக்கு மேலேதான் மை ஒட்டுகிறது, முதுகுப் பக்கத்தில் எதுவும் முட்டவில்லை. தேய்க்க ஆரம்பித்துவிட்டேன். எடை விஷயம் யாராவது சொல்ல முடியுமா? எக்ஸாஸ்டைப் போடாமல் விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன், பின்னால் யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

பாலக்கோடு_தின்னர் எழுதியது:

எக்ஸாஸ்டை விடாதீர்கள். மிக்-21 என்பதே குழாய்க்கு இறக்கை வைத்த மாதிரிதான், முன்னால் ஒரு ஓட்டை, பின்னால் ஒரு ஓட்டை, பார்க்கிறவர்கள் இரண்டிலும் கண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள். விட வேண்டும் என்றால் ரெசின் சக்கரத்தை விடுங்கள். டயர் அடியில் சற்றுத் தட்டையாக, எடை தாங்கும் மாதிரி இருக்கும் என்பதைத் தவிர, அந்தக் கிட்டின் சக்கரத்துக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. (நடுத்தட்டுக்குப் பச்சை நிறம் மறக்காதீர்கள்.)

எடை: உடல் பாதிகள், இறக்கை, எக்ஸாஸ்ட், காக்பிட் எல்லாவற்றையும் ஒட்டாமல் டேப்பில் சேர்த்து, பெரிய சக்கரங்களின் கால் வரும் இடத்துக்குக் கீழே ஒரு பென்சிலை வைத்துத் தாங்கிப் பாருங்கள். மூக்கு தெளிவாகக் கீழே சாய வேண்டும். அதுவரை ஈயம் சேர்க்க வேண்டும். எவ்வளவு முன்னால் வைக்கிறீர்களோ அவ்வளவு குறைவாகப் போதும், ஆகவே முதல் இடம் மூக்கில் உள்ள கூம்பின் உள்ளே, மீதியைக் காக்பிட்டைச் சுற்றிய சந்துகளில். ஈயத்துக்கு எங்கும் அலைய வேண்டாம், கே.ஆர்.பி. அணைப் பக்கம் தூண்டில் சாமான் விற்கும் கடையில் ஈயக்குண்டு கேளுங்கள், சின்ன அளவு வாங்கினால் கூம்புக்குள் நன்றாக அடங்கும்.

இதில் முக்கியமான ஒன்று. ஈயத்தை ஃபெவிகால் ஊற்றி நிரப்பாதீர்கள். அந்த வெள்ளைப் பசையும் ஈயமும் மூடிய இடத்தில் சேர்ந்தால் காலப்போக்கில் வினைபுரிந்து உப்பும், கட்டி முடித்து அலமாரியில் வைத்த மாடல் தானாகப் பிளந்துகொள்ளும். அரால்டைட் ஊற்றுங்கள். ஈயம் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

பெயின்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். எக்ஸாஸ்ட் சுற்றியுள்ள வெறும் உலோகப் பகுதிக்கு முதலில் பளபளக்கும் கறுப்பு அடித்து நன்றாகக் காயவிட்டு அதன்மேல் உலோக நிறம் மெலிதாக. அந்தக் கறுப்பில் ஒரு தூசி உட்கார்ந்தாலும் மேலே தெரியும், நம் பக்கம் காற்றில் செம்மண் சும்மா இருக்காது, அடிக்கும் முன் அறைத் தரையில் தண்ணீர் தெளித்துவிடுங்கள், ஃபேனை நிறுத்துங்கள். ஏப்ரல், மே வெயிலில் அக்ரிலிக் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைக்கும், ரிடார்டர் (காய்வதைத் தாமதிக்கும் திரவம்) சில சொட்டு கலந்து விடியற்காலையில் அடிப்பது நல்லது.

தகடூர்_ரெசின் எழுதியது:

சக்கரம் விஷயத்தில் பாலக்கோடு நண்பரோடு ஒத்துப்போக முடியவில்லை. கிட் சக்கரம் இரண்டு பாதியாக வருகிறது, நடுவில் உள்ள இணைப்புக் கோட்டைத் தேய்த்தால் டயரின் பள்ளக் கோடுகளும் சேர்ந்து போகும். ரெசினில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கியதைப் போடுங்கள், கால் சொருகும் துளையை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள்.

ஓசூர்_ரிவெட் எழுதியது:

பிட்டோ பற்றி யாரும் சொல்லவில்லை. வாங்கிய நான்கில் காசுக்கு அதிகம் பலன் தருவது அதுதான். பிளாஸ்டிக்கில் அந்த நீளத்துக்கு அந்த மெல்லிசு வராது, வந்தாலும் முதல் தூசி தட்டலில் உடையும். பிஸ்ஸில் அது மூக்கின் உச்சியில் நட்ட நடுவில் இல்லை, வலப்பக்கம் சற்று விலகி இருக்கும், படம் பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பித்தளையின் அடிக்குச்சியை அளந்து அதே அளவு டிரில்லால் கையாலேயே துளை போடுங்கள், மோட்டார் டிரில் பிளாஸ்டிக்கை உருக்கிவிடும். துளையை இப்போதே போட்டுவிட்டுப் பிட்டோவைக் கடைசியில், டீகால் (ஒட்டும் எண், சின்னங்கள்), வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுங்கள், இல்லையென்றால் சட்டைக் கையில் மாட்டி வளையும்.

கடைசி நேரத்தில் கண்ணாடிப் பாகங்களுக்கு மட்டும் ஃபெவிக்விக் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படியும். ஃபெவிகாலை இங்கே பயன்படுத்துங்கள், காய்ந்ததும் நிறமில்லாமல் போகும், வெளியே வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிடலாம். உடல் பாதிகள் சேர்ந்ததும், ஒட்டும் முன், டேப் போட்ட நிலையில் முதுகையும் முன்சக்கரக் குழியையும் படம் எடுத்துப் போடுங்கள் தம்பி, இன்னும் எங்காவது தேய்க்க வேண்டுமா என்று பார்த்துச் சொல்கிறோம்.